தூளியிலிருந்து பாய்க்கு: முதல் ஆண்டில் குழந்தையின் தூக்க முறையை மாற்றியமைக்கும் வழிகாட்டி

இரண்டாம் மாதத்தில் அருமையாக வேலை செய்த தூக்கப் பழக்கமே ஐந்தாம் மாதத்தில் வீட்டையே விழிக்க வைக்கும். குழந்தையிடம் கோளாறு ஒன்றும் இருக்காது. அதன் மூளை தூங்கும் விதம் மாறியிருக்கும், நாம் தூங்க வைக்கும் விதம் மட்டும் பழையபடியே இருக்கும். முதல் ஆண்டில் குறைந்தது நான்கு முறை இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டி வரும்: ஆறு வாரம் கழித்து, நான்காம் மாதம், ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில், பிறகு ஒரு வயதை ஒட்டி. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். மாற்றியதை ஐந்து முதல் ஏழு நாள் வரை விடாமல் செய்துவிட்டுத்தான் சரிவருகிறதா என்று பாருங்கள். திங்கட்கிழமை ஒரு முறை, புதன்கிழமை வேறொன்று என்று மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போய்விடும்.

முதலில் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது. மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம், ஒரு வயதுக்கு மேல் 11 முதல் 14 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. பக்கத்து வீட்டுக் குழந்தை 16 மணி நேரம் தூங்குகிறது, நம் குழந்தை 12½ மணி நேரம்தான் தூங்குகிறது என்றால் இரண்டுமே சரிதான், விழித்திருக்கும்போது தெளிவாக விளையாடி, எடையும் கூடிக்கொண்டு வந்தால்.

மொத்த நேரத்தைவிட அன்றாடம் கைகொடுப்பது விழிப்பு இடைவெளி. கண் விழித்த நிமிடத்திலிருந்து அடுத்த தூக்கத்தில் கண் மூடும் வரை உள்ள நேரம் அது. பால் குடிப்பது, குளிப்பது, துணி மாற்றுவது எல்லாம் அதற்குள்தான். ஏறக்குறைய இப்படி இருக்கும்:

முதல் மாதம்: 45 நிமிடம் முதல் 1 மணி
2–3 மாதம்: 1 முதல் 1½ மணி
4 மாதம்: 1½ முதல் 2 மணி
5–6 மாதம்: 2 முதல் 2½ மணி
7–9 மாதம்: 2½ முதல் 3½ மணி
10–12 மாதம்: 3 முதல் 4 மணி

காலையில் முதல் இடைவெளி சிறியதாகவும் இரவுக்கு முந்தையது பெரியதாகவும் இருப்பது இயல்பு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியை வைத்துக் கணக்கிடாதீர்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

கடிகாரத்தோடு குழந்தையின் முகத்தையும் பாருங்கள். பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்பது, பொம்மையைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வது, புருவத்தைச் சுற்றி லேசாகச் சிவப்பது, இவைதான் முதல் அடையாளங்கள். கண்ணைக் கசக்கி முதுகை வில்லாக வளைத்து வீறிட்டு அழும்போது நேரம் கடந்துவிட்டது. அதற்குள் உடல் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் நிலைக்குப் போய்விடுவதால், அசந்து போன குழந்தைதான் தூங்க அதிக நேரம் எடுக்கும், சீக்கிரமும் எழும்.

படுக்கும் இடம்

ஒரு வயது வரை ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். இடம் தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். அழுத்தினால் பள்ளம் விழும் இலவம்பஞ்சு மெத்தையைவிட, பாய் மேல் இரண்டாக மடித்து இறுக்கமாக விரித்த பருத்திப் போர்வை நல்லது. தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று வாங்கித் தரும் கடுகுத் தலையணையும் இதில் அடக்கம். தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு அடிக்கடி குப்புறப் போடுவதும், ஒவ்வொரு இரவும் தலை வைக்கும் திசையை மாற்றுவதும் போதும். குழந்தையைச் சுற்றி அணை கட்டும் உருளைத் தலையணை, பொம்மை, தளர்வான போர்வை எதுவும் வேண்டாம்.

குறைந்தது ஆறு மாதம் வரை பெற்றோர் அறையிலேயே, தனிப் படுக்கையில் படுப்பதுதான் பாதுகாப்பு. நம் வீடுகளில் அம்மாவின் பக்கத்தில்தான் குழந்தை படுக்கும் என்பது தெரிந்ததே. அப்படியானால் தரையில் பாய் போட்டு, சுவரிலிருந்து தள்ளி, குழந்தையின் விரிப்பை அம்மாவின் விரிப்புக்குப் பக்கத்தில் தனியாக விரியுங்கள். நான்கு மாதம் ஆகாத குழந்தை, குறைமாதக் குழந்தை, எடை குறைந்து பிறந்த குழந்தை ஆகியோரை ஒரே மெத்தையில் படுக்க வைப்பதில் ஆபத்து கூடுதல். புகைப்பவரோ, மது அருந்தியவரோ, தூக்க மாத்திரை போட்டவரோ ஒருநாளும் பக்கத்தில் படுக்கக் கூடாது. சோபாவில் குழந்தையோடு கண் அசருவது எல்லாவற்றையும்விட மோசம்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. கை கால் சில்லென்று இருப்பதை வைத்துக் குளிர்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் துணி அதிகம். கோடையில் ஒரே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும், தொப்பியும் சாக்ஸும் தூங்கும்போது வேண்டியதில்லை. மின்விசிறி ஓடலாம். ஏசி இருந்தால் 24 முதல் 26 டிகிரியில் வைத்து, காற்று நேராக முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவுக்குக் குடை வலை போதும். கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் குழந்தையின் மூச்சுக்குழலுக்கு ஆகாது. சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் குழந்தை இல்லாத அறையில் போட்டு, புகை முழுக்கப் போன பிறகு கொண்டுவாருங்கள்.

பிறந்தது முதல் ஆறு வாரம்: இரவையும் பகலையும் பிரித்துக் காட்டுதல்

இந்தக் காலத்தில் அட்டவணை எதுவும் செல்லாது. குழந்தைக்கு இன்னும் உள்கடிகாரம் கிடையாது, அது உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும், இடையிடையே தூங்கும். பிறந்த எடையை மீண்டும் எட்டும் வரை, அதாவது பெரும்பாலும் இரண்டு வாரம், இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிக் கொடுக்க வேண்டும். எடை ஏறத் தொடங்கியதும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இரவில் எழுப்புவதை நிறுத்தலாம்.

இப்போது செய்யக்கூடிய ஒரே வேலை வெளிச்சம். பிள்ளை பெற்ற அறையைக் காற்றுப் படும் என்று பூட்டிவைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பகலிலும் இருட்டு, இரவில் பால் கொடுக்க டியூப்லைட் என்றால் குழந்தைக்குப் பொழுது பிடிபடவே பிடிபடாது. காலை 7 மணிக்கு ஜன்னல் திரையை விலக்குங்கள். பகல் தூக்கம் கூடத்து வெளிச்சத்திலும் வீட்டுச் சத்தத்திலும் நடக்கட்டும். இரவு 8 மணிக்கு மேல் ஒரு மங்கலான சிறு விளக்கு மட்டும். இரவில் பால் கொடுக்கும்போது பேச்சு, கொஞ்சல், கைபேசி வேண்டாம். மலம் கழித்தாலொழிய துணி மாற்ற விளக்கைப் போடாதீர்கள். ஈரம் பட்டதும் விழிக்கும் குழந்தைக்குப் பகலில் துணி, இரவில் டயப்பர் என்று வைத்துக்கொள்வது எளிது.

தூக்கத்தில் முனகுவது, முகம் சுளிப்பது, கை கால் உதறுவது, ஒரு நொடி அழுவது எல்லாம் இந்த வயதின் துடிப்பான தூக்கம். மொத்தத் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் போகும். முனகல் கேட்டதும் தூக்கிவிட்டால் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை நாமே எழுப்பிவிடுவோம். முப்பது நொடி கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.

துணியில் சுற்றித் தூங்க வைப்பதாக இருந்தால் மார்புப் பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவு, இடுப்புக்குக் கீழே கால்கள் தவளைபோல் மடங்கி விரியும் அளவு தளர்வு வேண்டும். காலை நீட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டு கெடும். புரள முயலும் முதல் நாளோடு இந்தச் சுற்றலை நிறுத்திவிட வேண்டும்.

ஆறு வாரம் முதல் மூன்று மாதம்: குளியல் நேரமும் மாலை அழுகையும்

ஆறாவது வாரத்தை ஒட்டி மாலை அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே குறையும். இந்த நேரத்தில் இடுப்பில், தோளில், தூளியில் எப்படித் தூங்கினாலும் பரவாயில்லை. கெட்ட பழக்கம் வந்துவிடும் என்ற பயம் இந்த வயதுக்குத் தேவையில்லை.

இங்கே பலர் கவனிக்காதது எண்ணெய்க் குளியல். பதினோரு மணிக்குக் கால் மேல் போட்டுக் குளிப்பாட்டி, பால் கொடுத்துப் படுக்க வைத்தால் குழந்தை இரண்டரை, மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். வீட்டாருக்கும் நிம்மதி. ஆனால் எட்டு வாரத்துக்கு மேல் அந்த நீண்ட தூக்கம் இரவிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. பகலில் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் மெல்ல எழுப்பிப் பால் கொடுங்கள். குளியலை ஒன்பது மணிக்கு முன்னால் நகர்த்துங்கள். மாலையில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து விடுவதை மட்டும் இரவுக்கான அடையாளமாக வையுங்கள். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதைத் தவிருங்கள், மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்க வாய்ப்பு உண்டு.

இரவுச் சடங்கு ஒன்றைத் தொடங்க இது நல்ல தருணம். 20 முதல் 30 நிமிடம், தினமும் ஒரே வரிசை: துடைத்தல், துணி மாற்றுதல், விளக்கைக் குறைத்தல், பால், ஏப்பம், ஒரே தாலாட்டு, படுக்கை. தாலாட்டு எதுவாக இருந்தாலும் சரி, அது மாறக் கூடாது. யார் தூங்க வைத்தாலும் அதே பாட்டைப் பாட வேண்டும். பின்னால் வீடு மாறும்போதும் அம்மா வேலைக்குப் போகும்போதும் இந்த ஒரு பாட்டுதான் காப்பாற்றும்.

6, 10, 14 வாரங்களில் தடுப்பூசிகள் வரும். ஊசி போட்டு இரண்டு நாள் வரை காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம். அந்த மூன்று நாளில் புதிதாக எதையும் பழக்காதீர்கள். கேட்கும்போதெல்லாம் பால், எந்த முறையிலும் தூக்கம், அவ்வளவுதான். காய்ச்சல் மருந்தின் அளவை எடைக்குத் தக்கபடி மருத்துவர் எழுதித் தர வேண்டும், வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலைப் பார்த்து ஊற்றக் கூடாது.

நான்காம் மாதம்: ஏன் திடீரென்று கெடுகிறது

மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழத் தொடங்கும். பால் பற்றவில்லை என்று புட்டிப்பாலுக்கும் கூழுக்கும் போகும் வீடுகள் அதிகம். காரணம் பெரும்பாலும் பசி இல்லை. இந்த வயதில் தூக்கம் பெரியவர்களுடையதைப் போல அடுக்கடுக்காகப் பிரிகிறது. ஒரு சுற்று 45 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழந்தை ஏறக்குறைய விழித்துவிடும். கண் மூடும்போது ஆடிக்கொண்டிருந்தது, இப்போது ஆடவில்லை. வாயில் மார்பு இருந்தது, இப்போது இல்லை. எதில் தூங்கியதோ அதைத் திரும்பக் கேட்டு அழுகிறது. ஆறு மாதத்துக்கு முன் கூழ் கொடுத்தால் இந்த விழிப்பு குறையாது, குடல்தான் பாடுபடும்.

இன்னொரு சங்கடமும் இதே சமயத்தில் சேரும். தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைக் கொண்டுவந்து விடுவார்கள். புதிய வீடு, புதிய முகங்கள், தூளி கட்டும் கொக்கியே வேறு இடத்தில். முடிந்தால் பயணத்தை ஊசி வாரத்தோடு சேர்க்காதீர்கள். துவைக்காத பழைய விரிப்பைக் கூடவே எடுத்துப் போங்கள், பழகிய வாசனை உதவும். வந்து பத்து நாள் வரை எந்தப் பழக்கத்தையும் மாற்றாமல் பழைய வரிசையையே கடைப்பிடியுங்கள்.

தூளியை விடுவது, படிப்படியாக

தூளி இளம் குழந்தைக்கு இதமானதுதான். ஆனால் புடவை வளைவில் உடல் மடங்கி, தாடை மார்பில் முட்டினால் மூச்சு அடைபடும். ஆகவே தூளியில் கிடக்கும்போது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அயர்ந்ததும் பாய்க்கு மாற்ற வேண்டும். ஆள் பார்க்காத இரவுத் தூக்கத்துக்குத் தூளி கூடாது. புடவை விரிந்து நிற்க நடுவில் கட்டை வேண்டும். கொக்கியையும் ஸ்பிரிங்கையும் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கின் இடுக்கில் மூத்த குழந்தையின் விரல் மாட்டும், அதற்கு உறை போடுங்கள். குப்புற விழத் தொடங்கிய நாளோடு தூளியை அவிழ்த்துவிட வேண்டும், உட்காரும் வரை காத்திருக்கக் கூடாது. எழுந்து உட்கார்ந்து கவிழ்வதும் புடவை கழுத்தில் சுற்றுவதும் நடக்கக்கூடியவை.

அதனால் நான்காம் மாதத்திலேயே தொடங்குவது வசதி. ஊசி, காய்ச்சல், பயணம் இல்லாத இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள், பாட்டி உட்பட. அது ஏன் முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

1. முதல் மூன்று நாள் ஆட்டத்தைக் குறையுங்கள். ஒரு சாண் அளவுக்கு மேல் ஆட வேண்டாம். ஆட்டும்போதே தாலாட்டைப் பாடி, மற்ற கையால் இடுப்பில் தட்டிக்கொடுங்கள். கண் சொருகியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தட்டலை மட்டும் தொடருங்கள்.

2. நான்கு முதல் ஆறாம் நாள் வரை தூளி அசையவே வேண்டாம். பாட்டும் தட்டலும் மட்டும். முதல் நாள் இருபது நிமிடம் பிடிக்கலாம்.

3. ஏழாம் நாள் இரவுத் தூக்கத்தைப் பாய்க்குக் கொண்டுபோங்கள். பகலைவிட்டு இரவில் தொடங்கக் காரணம், அப்போதுதான் தூக்கம் உடலை நன்றாக அழுத்தும். இதுவரை தூளியில் தூங்கிய பிறகு பாய்க்கு மாற்றினீர்கள், இனி அரைக்கண் விழிப்போடு பாயிலேயே கிடத்துங்கள். முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை தரையில் படட்டும். தலை முதலில் பட்டால் விழும் உணர்வு வந்து கைகளை விரித்துத் திடுக்கிடும். கிடத்தியதும் கையை எடுத்துவிடாதீர்கள். மார்பில் ஒரு கை அமர்ந்திருக்க, மற்ற கை இதயத் துடிப்பின் வேகத்தில் இடுப்போரம் தட்டட்டும். பிறகு தட்டலின் வேகத்தைக் குறைத்து, கையைச் சும்மா வைத்து, விரல் விரலாக எடுங்கள்.

4. நான்கு இரவு சரியாகப் போனதும் காலை முதல் தூக்கம், அடுத்து மதியத் தூக்கம். மாலைத் தூக்கம்தான் கடினம், அதைக் கடைசியில் வையுங்கள். அதுவரை மாலையில் தோளில் போட்டே தூங்க வைக்கலாம்.

5. பாய் பழகிய பின், தட்டலை நாளுக்கு நாள் சீக்கிரம் நிறுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு மட்டும். பிறகு அதுவும் குறையும்.

சிணுங்கினால் தூக்கத் தேவையில்லை. அழுகை ஏறினால் தூக்கி, அமைதியானதும் திரும்பக் கிடத்துங்கள். பத்து முறைகூட இப்படிச் செய்ய நேரும்.

எங்கே கெடுகிறது? மூன்றாம் நாள் இரவு, குழந்தை இருபது நிமிடமாக அழுகிறது, யாரோ ஒருவர் மனம் பொறுக்காமல் எடுத்துப் பழையபடி வீசி ஆட்டிவிடுகிறார். இருபது நிமிடம் அழுதால் ஆட்டம் கிடைக்கும் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்கிறது, அடுத்த நாள் முப்பது நிமிடம் அழும். வீட்டாரால் தாங்க முடியாது என்று முன்பே தெரிந்தால் தொடங்காமல் இரண்டு வாரம் தள்ளிப்போடுவதே மேல். குழந்தை ஏற்கனவே புரள்கிறது என்றால் தள்ளிப்போட வழியில்லை. தூளியை அன்றே அவிழ்த்துவிட்டு, ஆட்டத்தைக் கைகளில் கொடுத்து, அங்கிருந்து இதே படிகளைத் தொடங்குங்கள்.

பாயில் மல்லாக்கப் படுக்க வைத்த குழந்தை தானாகக் குப்புறப் புரண்டு தூங்கினால்? இரு பக்கமும் புரளத் தெரிந்த குழந்தையை அப்படியே விடலாம். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் மெல்லத் திருப்பிப் போடுங்கள். பகலில் நிறையப் புரள விட்டால் இந்தக் கட்டம் சீக்கிரம் கடந்துபோகும்.

ஐந்து முதல் ஒன்பது மாதம்: நேரத்தைப் பிடித்தல்

இப்போது கடிகாரம் செல்லும். முதல் ஆணி காலையில் எழும் நேரம். இரவு எப்படிப் போனாலும் அந்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் எழுப்பி வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐந்து மாதக் குழந்தையின் ஒரு நாள் இப்படி இருக்கலாம்: காலை 7 மணிக்கு விழிப்பு, 9 முதல் 10, 12.15 முதல் 1.45, 4.15 முதல் 5.15 வரை தூக்கம். 8 மணிக்குள் இரவுத் தூக்கம். எட்டு மாதத்தில் தூக்கம் இரண்டாகும்: 9.45 முதல் 11, 2.15 முதல் 4, இரவு 7.45.

மூன்றிலிருந்து இரண்டுக்கு எப்போது மாற்றுவது? மாலைத் தூக்கத்தை ஒரு வாரமாக மறுப்பது, அல்லது அதைத் தூங்கினால் இரவு பத்து மணிக்கும் கொட்டமடிப்பது. இரண்டில் ஒன்று தொடர்ந்து நடந்தால் மாலைத் தூக்கத்தை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு இரவுத் தூக்கத்தை அரை மணி முன்னால் இழுங்கள்.

மேலைநாட்டுப் புத்தகங்கள் ஏழு மணிக்குத் தூங்க வைக்கச் சொல்லும். அப்பா எட்டரைக்கு வீடு வந்து, ஒன்பது மணிக்குச் சாப்பாடு நடக்கும் வீட்டில் அது நடவாது. நாள் முழுவதையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி எட்டு மணிக்கு எழுந்து ஒன்பதுக்குத் தூங்கினாலும் கணக்கு ஒன்றுதான். கெடுப்பது வேறொன்று: எட்டு மணிக்குச் சொக்கும் குழந்தையை அப்பா வரட்டும் என்று தொலைக்காட்சி முன்னால் நிறுத்தி வைப்பது. அப்பாவுக்குக் காலைப் பொழுதைக் கொடுங்கள்.

இரவுப் பால் பற்றிப் பலருக்கும் சந்தேகம். ஆறு மாதத்தில் ஒன்று இரண்டு முறை கேட்பது இயல்பு. ஒன்பது மாதத்தில் எடை சரியாக இருக்கும் பல குழந்தைகளுக்குத் தேவை குறையும், ஆனால் ஒருமுறை குடித்தால் தவறில்லை. குறைக்க விரும்பினால், மார்பில் இருக்கும் நேரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் குறையுங்கள். பாலைப் படுக்கைக்கு இருபது நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் பழக்கம் பல்லைச் சொத்தையாக்கும், காதுக்கும் நல்லதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் திட உணவின் மாலை வேளையைத் தூக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முடியுங்கள். புதிய உணவைக் காலையில் மட்டும் அறிமுகப்படுத்துங்கள், ஒவ்வாமை வந்தால் பகலிலேயே தெரிந்துவிடும்.

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. அது முடிந்து அம்மா வேலைக்குத் திரும்பும்போது குழந்தைகள் ஒரு தந்திரம் செய்யும். பகலில் எடுத்துவைத்த பாலைக் கொஞ்சமாகக் குடித்து ஒப்பேற்றிவிட்டு, அம்மா வந்த பிறகு இரவெல்லாம் குடிக்கும். சமாளிக்கும் வழி: வேலைக்குப் போகும் இரண்டு வாரம் முன்பே பகல் தூக்கத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள், அதே பாட்டோடு. வீடு வந்ததும் முதல் வேலையாகப் பால் கொடுங்கள், தூங்கும் முன் இன்னொரு முறை. எடுத்த பால் 25 டிகிரிக்குள் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர்ச் சூட்டில் உடனே ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது, அங்கே நான்கு நாள் இருக்கும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம்: நின்றுகொண்டு அழுவது

கம்பியைப் பிடித்து நிற்கக் கற்ற குழந்தை நள்ளிரவிலும் நின்று பார்க்கும். உட்காரத் தெரியாமல் நின்றபடியே அழும். பகலில் நாற்காலியைப் பிடித்து நிற்க வைத்து, முழங்காலை மடக்கி உட்காரும் வித்தையைப் பலமுறை பழக்குங்கள், சில நாளில் இரவு விழிப்பு குறையும். அம்மா கண்ணில் படாவிட்டால் அலறும் பருவமும் இதுதான். சொல்லாமல் நழுவினால் பயம் கூடும். ‘இதோ வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போய், அரை நிமிடத்தில் திரும்பி வந்து காட்டுங்கள்.

இந்தப் பருவத்தில் அடிக்கடி வரும் கோளாறுகளும் காரணங்களும்:

தூங்கி நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. பெரும்பாலும் கடைசி விழிப்பு நீண்டு அசந்து போயிருக்கும். படுக்கும் நேரத்தை இருபது நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். மாலையில் ஐந்தரை, ஆறு மணி வரை தூங்கியிருந்தால் காரணம் நேர்மாறு.

நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து மூன்று மணி வரை சிரித்து விளையாடுகிறது. பகலில் அதிகம் தூங்கிவிட்டது. பகல் தூக்கத்தின் மொத்தத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். அந்த இரண்டு மணி நேரமும் இருட்டிலேயே இருங்கள், கைபேசி வெளிச்சம் கூடாது.

நான்கரைக்கே முழிப்பு. கிழக்கு ஜன்னல் வெளிச்சம், கோயில் ஒலிபெருக்கி, பால்காரர், குக்கர் விசில், எதுவும் காரணமாகலாம். அடர்த்தியான திரையும், விசிறியின் சீரான ஓசையும் உதவும். காலை முதல் தூக்கத்தை எட்டு மணிக்கே கொடுத்தால், குழந்தைக்கு அது இரவின் மிச்சமாகிவிடும். நாளுக்குப் பத்து நிமிடம் வீதம் தள்ளிக்கொண்டு போங்கள்.

பல் முளைப்பதன் தலையில் எல்லாப் பழியையும் போடாதீர்கள். பல்லால் கெட்ட தூக்கம் சில நாளில் சரியாகும், மூன்று வாரம் நீடித்தால் காரணம் வேறு. ஈறு மரத்துப்போகும் களிம்பு தடவக் கூடாது.

தூங்க வைக்கக் கொடுக்கக் கூடாதவை

உரைகல்லில் ஜாதிக்காயை இழைத்து நாக்கில் வைப்பது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு, உரைக்கும்போது அளவு யாருக்கும் தெரியாது. கசகசாப் பாலும் அப்படியே, அபினிச் செடியின் விதை அது. வசம்பு வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளிகூடக் கூடாது, அதிலிருக்கும் நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயை உண்டாக்கும். பயணத்தில் தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பது மூச்சையே நிறுத்திவிடக் கூடியது.

மருத்துவரிடம் போக வேண்டியவை

சளி இல்லாதபோதும் தினமும் குறட்டை, தூக்கத்தில் மூச்சு 20 நொடி நிற்பது, உதடு நீலமாவது, பால் குடிக்கக்கூட எழுப்ப முடியாத மயக்கம், மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், எடை ஏறாமை. குறட்டையும் எடை ஏறாமையும் தவிர மற்றவற்றில் காலை வரை காத்திருக்க வேண்டாம். பச்சிளம் குழந்தை ஐந்து பத்து நொடி மூச்சை நிறுத்தி மறுபடி விடுவது மட்டும் இயல்பானது.

ஒரு வயதில் ஒரு பொறி

பிறந்தநாளை ஒட்டி, மதியத் தூக்கத்தை ஒரு வாரம் மறுக்கும். இனி ஒரே தூக்கம் போதும் என்று பலர் இங்கே அவசரப்படுகிறார்கள். பெரும்பாலும் இது நடை பழகும் மும்முரம், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஒரே தூக்கத்துக்குத் தயாராவது பொதுவாக 13 முதல் 18 மாதத்தில். அதுவரை காலைத் தூக்கத்தை 10 முதல் 11 வரை ஒரு மணி நேரத்தோடு முடித்து எழுப்பிவிடுங்கள். மதியம் 2.30க்கு அறையை இருட்டாக்கிப் படுக்க வையுங்கள், தூங்காவிட்டாலும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கட்டும். தூங்கினால் இரவு எட்டு மணி, தூங்காவிட்டால் அன்றைக்கு ஏழு மணி.